மயக்க இசையும் விழித்த செவியும்: ஆர். டி. பர்மன் வரலாறு



இசைக்கு மயங்காத உயிர் இல்லை. குழவியும் மயங்கும், ஆவும் மயங்கும், அரவும் மயங்கும் என்பர் நம் பெரியோர். இசை தரும் மயக்கம் ஒன்று. மயக்கத்தையே இசையாக்கிக் காட்டுதல் மற்றொன்று. இவ்விரண்டாவது முயற்சியில் உலகின் புகழ்பெற்ற பாடகர்கள் பலர் இறங்கிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் நம் நாட்டில் அதற்குத் துணிந்தவர் ராகுல் தேவ் பர்மன். ஆர். டி. பர்மன் என்றால் யாவர்க்கும் தெரியும். அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

வங்காளத்தில் பிறந்து பம்பாயில் வாழ்ந்த ஒருவரின் வரலாறு திருப்பதித் தமிழ் மாணவர்களுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. சில திங்களுக்கு முன் விடுதியில் நடந்த பேச்சில் ஒரு நண்பர் ஓங்கி வாதிட்டார். போதையின்றிப் புதுமை பிறவாது என்பதே அவர் கட்சி. மேனாட்டுப் பாடகர் பலரை அவர் சான்று காட்டினார். நம் நாட்டிலிருந்து பர்மனையும், ‘தம் மாரோ தம்’ என்ற அவர் பாடலையும் சேர்த்துக்கொண்டார். அன்று நேரமாகிவிட்டது, விளக்கணைக்கும் நேரமும் வந்துவிட்டது. அன்று சொல்ல நினைத்த விடையையே இன்று கட்டுரையாக எழுதுகிறேன். கல்லூரி வாயில்வரை கஞ்சா வந்துவிட்டதென்று நாளேடுகள் எழுதும் இந்நாளில் இது வெறும் விடுதி வழக்காக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் மேனாட்டுக் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். ‘சைக்கடெலிக்’ என்ற சொல் 1950-களில் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்னும் மருத்துவர் படைத்த சொல். கிரேக்க வேர்களின்படி அதற்கு உள்ளத்தை வெளிப்படுத்துவது என்று பொருள். எல்.எஸ்.டி. போன்ற மருந்துகள் மனத்தில் விளைக்கும் மாற்றத்தைக் குறிக்க எழுந்த சொல், பின்னர் அம்மயக்கத்தைப் போலக் காட்டும் இசைக்கும் பெயராயிற்று. பீட்டில்ஸ் குழுவினர் அப்போது உலகப் புகழின் உச்சியில் இருந்தனர். பழைய காதல் மெட்டுகளையே பாடிக்கொண்டிருந்தாலும் அவர்களுக்குக் குறைவு வந்திராது. ஆயினும் 1966-இல் வெளிவந்த ‘ரிவால்வர்’ இசைத்தட்டின் கடைசிப் பாடலில் நம் தம்புராவின் சுருதியை இடைவிடாது ஒலிக்கவிட்டனர். ஒலிநாடாக்களைத் தலைகீழாக ஓட்டினர். ஜான் லெனனின் குரலைச் சுழலும் ஒலிபெருக்கி வழியே செலுத்திப் பதிவு செய்தனர். அதுவரை கேட்டறியாத ஓர் ஒலி உலகம் அதில் பிறந்தது.

அக்காலத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1970-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இறந்தார். அடுத்த பதினாறாம் நாள் ஜானிஸ் ஜாப்லின் இறந்தார். இருவருக்கும் வயது 27. ஒருவரை உறக்க மருந்தும் மற்றவரை ஹெராயினும் கொண்டுபோயின. என் நண்பர் சொல்லாமல் விட்ட பக்கம் இது.

இனி நம் பர்மனிடம் வருவோம்.

ராகுல் தேவ் பர்மன் 1939 ஜூன் 27-இல் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை சச்சின் தேவ் பர்மன் திரிபுரா அரச குடும்பத்தைச் சேர்ந்தவர்; வங்க நாட்டுப்புறப் பாடல்களைத் திரையிசையில் ஏற்றிய பெரும் இசையமைப்பாளர். தாய் மீராவும் பாடல் இயற்றும் ஆற்றல் பெற்றவர். பிள்ளைக்கு வழங்கிய செல்லப்பெயர் ‘பஞ்சம்’. நம் காதுக்கு இப்பெயர் சற்று அச்சம் தரும்! அவர்கள் கருதியது பஞ்சமத்தை, ஏழிசையில் ஐந்தாவதை, நம் பழந்தமிழர் ‘இளி’ என்று வழங்கிய நரம்பை. குழந்தை அழுதால் அச்சுரத்தில் அழும் என்று கதை சொல்வர். கதை எப்படியாயினும், மெட்டுக்குப் பஞ்சமில்லாத ‘பஞ்சம்’ அவர்.

அவருடைய பயிற்சியை நன்றாகக் கவனிக்க வேண்டும். அலி அக்பர் கானிடம் சரோத் கற்றார். சாம்தா பிரசாத்திடம் தபலா கற்றார். மௌத் ஆர்கன் வாசிப்பதில் வல்லவரானார். 1958-இல் வெளிவந்த ‘சோல்வா சால்’ படப் பாடலொன்றில் ஒலிப்பது அவருடைய மௌத் ஆர்கனே. தந்தையின் இசைக்குழுவில் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்து, ஒலிப்பதிவுக் கூடத்தின் மூலை முடுக்கெல்லாம் அறிந்தார். நகைச்சுவை நடிகர் மெஹ்மூத் தயாரித்த ‘சோட்டே நவாப்’ 1961-இல் வெளிவந்தபோதுதான் அவர் தனி இசையமைப்பாளர் ஆனார். அடுத்து ஐந்து ஆண்டுகள் பெரிய வெற்றி கிட்டவில்லை.

1966-இல் வந்தது ‘தீஸ்ரி மன்ஸில்’. படத்தின் நாயகன் ஷம்மி கபூர் தமக்குப் பழக்கமான சங்கர்–ஜெய்கிஷன் இரட்டையரே இசையமைக்க வேண்டுமென விரும்பினார். பர்மனின் மெட்டுகளைக் கேட்ட பின்னரே இணங்கினார். அப்படத்தின் நடனப் பாடலொன்றை ஆஷா போன்ஸ்லேயிடம் பாடிக் காட்டியபோது, இந்த மேனாட்டுப் போக்குத் தமக்கு வராதென்று அவர் தயங்கினார். அப்போது ஆஷா புதிய பாடகி அல்லர்; ஓ. பி. நய்யாரின் மெட்டுகளால் நாடெங்கும் பெயர் பெற்றிருந்தவர். மெட்டை மாற்றித் தருவதாகப் பர்மன் சொன்னார். ஆஷா அதை ஏற்காமல் பத்து நாள் ஒத்திகை பார்த்துப் பாடி முடித்தார். அந்தப் பத்து நாள் ஒத்திகையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1968-இல் ‘படோசன்’ வந்தது. ‘பாஷேர் பாரி’ என்ற வங்கக் கதையின் இந்தி வடிவம் அது. அதே கதை 1960-இல் ‘அடுத்த வீட்டுப் பெண்’ணாக நம் வீட்டுக்கும் வந்ததை அறிவீர்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் கிஷோர் குமாரின் குரலும் பர்மனின் மெட்டும் சேர்ந்து வட இந்தியாவையே ஆட்டிவைத்தன. பழைய மெட்டையே திருப்பித் திருப்பிக் கொடுத்தாலும் பணம் வந்திருக்கும். அந்நிலையில்தான் அவர் மயக்க இசையில் கை வைத்தார்.

1971-இல் தேவ் ஆனந்த் இயக்கி நடித்த ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ வெளிவந்தது. கதை நேபாளத்துக் காத்மாண்டுவில் நடப்பது. பெற்றோர் பிரிந்ததால் சிறு வயதிலேயே தங்கையைப் பிரிந்த அண்ணன், அவளைத் தேடிப் போகிறான். ஹிப்பிகளின் கூட்டத்தில் புகையும் போதையுமாகக் கிடக்கும் அவளைக் காண்கிறான். தங்கையாக நடித்தவர் ஜீனத் அமன். அவள் வாயில் வரும் பாடலே ‘தம் மாரோ தம்’, பாடியவர் ஆஷா.

பூபிந்தர் சிங்கின் கிட்டார் அதைத் தொடங்கி வைக்கிறது. தாளம் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆஷாவின் குரல் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே மிதக்கிறது. கூட்டுக்குரல்கள் புகைபோல் எழுந்து அடங்குகின்றன. அதுவரை குடும்பப் படங்களுக்கும் காதல் காட்சிகளுக்கும் பாடிய குரல், போதையேறிய பெண்ணின் குரலாக மாறிவிட்டது. அப்பாடலுக்காக ஆஷாவுக்குப் பிலிம்பேர் விருது கிடைத்தது.

இப்பாடல் எங்கள் குடும்பத்திலும் ஒரு புயலைக் கிளப்பியது. சித்தூர் 1911-இல் தனி மாவட்டத்தின் தலைநகராகும் முன்னர் வட ஆர்க்காட்டுக்குத் தலைநகராக இருந்த ஊர் அல்லவா? அங்கே வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. வானொலியைத் திருப்பினால் இந்தியும் வந்துவிடும். என் தாய்வழித் தாத்தா துணிக்கடையில் கணக்கெழுதியவர். மாலை வேளைகளில் படித்து இந்திப் பிரசார சபைத் தேர்வுகள் சிலவற்றில் தேறியவர். திருப்பதியில் படித்துக்கொண்டிருந்த என் பெரிய மாமா, சனிக்கிழமைகளில் பாகாலா வழியாக வரும் ரயிலில் ஊர் திரும்புவார். ஒரு வாரம் இப்பாடலை முணுமுணுத்தபடியே வீட்டுக்குள் நுழைந்தார். ‘தம்’ என்ற சொல்லுக்கு விளக்கம் வேண்டுமா? நம் பேச்சிலும் அதே சொல்தானே! தாத்தா அன்றே வானொலிப் பெட்டியைத் துணியால் மூடிக் கட்டிவிட்டார். மகன் படிக்கப் போனானா, புகைக்கப் போனானா என்று பாட்டியிடம் கேட்டுக்கேட்டு மாய்ந்தார்.

சில வாரம் கழித்து மாமா மன்றாடித் தாத்தாவைப் படத்துக்கு அழைத்துச் சென்றார். திரும்பும் வழியெல்லாம் தாத்தா வாய் திறக்கவில்லையாம். வீட்டுக்கு வந்து காலைக் கழுவிய பிறகு, படம் நல்ல படம், பாட்டு கெட்ட பாட்டு என்று தீர்ப்பளித்தார். வானொலியை மூடிய துணி மட்டும் மறுநாள் காணவில்லை. மாமா இன்றும் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

தாத்தா கண்டது என்ன? நானும் அப்படத்தைப் பார்த்தேன்; பாடல்களைப் பலமுறை கேட்டேன். தங்கை மயங்கிப் பாடி முடித்ததும், அண்ணன் எழுந்து அக்கூட்டத்தையே கண்டித்துப் பாடுகிறான். கிஷோர் குமாரின் குரலில் வரும் அக்கண்டனப் பாடலுக்கும் இசை பர்மனே. இன்னொரு பாடல், சிறு வயதில் அண்ணனும் தங்கையும் கூடியிருந்த காலத்தின் தாலாட்டு. அதில் ஒரு வடிவத்தை லதா மங்கேஷ்கர் பாடினார். அதில் எவ்விதப் புதுமையும் இல்லை. வழக்கமான இனிய மெட்டுத்தான். தாலாட்டு, மயக்கம், கண்டனம் ஆகிய மூன்றையும் ஒருவரே ஒரே படத்தில் படைத்தார். கதையின் முடிவில் தங்கை தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள். தாலாட்டைக் கேட்டவனுக்கே அம்முடிவின் துயரம் முழுதும் விளங்கும். மயக்கப் பாடல் கேட்பவனை இழுக்காவிட்டால், அப்பெண் ஏன் அதில் வீழ்ந்தாள் என்பது புரியாது. இழுத்த பிறகு கண்டிக்காவிட்டால், பாடல் வெறும் வலையாகிவிடும். இவ்வளவையும் நிறுத்துப் பார்த்துச் செய்த மனம் தெளிந்த மனமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இதற்கு அவருடைய மற்றப் பாடல்களும் சான்று. 1973-இல் வந்த ‘யாதோன் கி பாராத்’ படத்தில் ஒரு காதல் பாடல் கண்ணாடிக் குவளையில் கரண்டி தட்டும் ஓசையுடன் தொடங்குகிறது. 1975-இல் வந்த ‘ஷோலே’யில் ‘மெஹ்பூபா மெஹ்பூபா’ பாடலுக்கு புட்டிகளின் வாயில் காற்றை ஊதி ஓசை எழுப்பினார்கள். தலைவாரும் சீப்பைக்கூட அவர் வாத்தியமாக்கினார் என்பர். மெஹ்பூபாவைப் பாடியவரும் அவரே. பாடகருக்குரிய இனிமை அக்குரலில் கிடையாது. கரகரப்பும் மூச்சிரைப்பும் உண்டு. குறை என்று பிறர் மறைப்பதை அவர் கருவியாக எடுத்துக்கொண்டார். புட்டியில் எவ்வளவு நீர் இருந்தால் எந்தச் சுரம் வரும் என்று அறிய, தபலாவும் சரோதும் பயின்ற செவி வேண்டும். அந்தச் செவி சாம்தா பிரசாத்திடமும் அலி அக்பர் கானிடமும் பாடம் கேட்ட நாள்களில் உருவானது. ஆஷாவின் பத்து நாள் ஒத்திகையும் அதே கணக்கில் சேரும்.

அவரைப் பற்றிய குறையையும் மறைக்கக் கூடாது. மேனாட்டு மெட்டுகள் சிலவற்றை அவர் எடுத்தாண்டார். மெஹ்பூபாவின் மெட்டே டெமிஸ் ரூஸோஸ் பாடிய ஒரு பாடலைத் தழுவியது. கடன் வாங்கியது உண்மை; ஆனால் புட்டியோசையும் அந்தக் கரகரப்பும் அவருடைய சொந்தச் சம்பாத்தியம்.

புகழுக்கும் ஒரு கோடை உண்டு. எண்பதுகளில் டிஸ்கோ அலை அடித்தது. பர்மன் இசையமைத்த படங்கள் அடுத்தடுத்துத் தோற்றன. ‘தீஸ்ரி மன்ஸில்’ முதல் அவரோடு இருந்த நாசிர் ஹுசேனே 1988-இல் தயாரித்த ‘கயாமத் ஸே கயாமத் தக்’ படத்தின் இசையை ஆனந்த்–மிலிந்த் என்ற இளைஞர்களிடம் கொடுத்தார். அவ்வாண்டிலேயே பர்மனை மாரடைப்பும் தாக்கியது. இலண்டனில் இதய அறுவை செய்துகொண்டார். பெயரிலே இருந்த பஞ்சம் வாய்ப்பிலும் வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சுமந்த சித்தூர் வி. நாகையாவை நினையாமல் இருக்க முடியவில்லை. ‘அசோக்குமா’ரிலும் ‘மீரா’விலும் தமிழர் கண்ட நடிகர் அவர், பாடகர், இசையமைப்பாளர். அவர் சென்ற வழி பர்மனின் வழிக்கு நேர் எதிரானது. திரைப்படத்தின் புகழைக் கொண்டு 1946-இல் ‘தியாகய்யா’வை எடுத்து, பழைய கீர்த்தனைகளைப் பாமரர் செவிக்குக் கொண்டுசென்றார். 1965-இல் பத்மஸ்ரீ பெற்ற அவர், 1973-இல் வறுமையில் மறைந்தார். பழமையை ஏந்தியவரையும் பட உலகம் கைவிட்டது. புதுமையை ஏந்தியவரையும் கைவிட்டது. ஆகவே, வாய்ப்புக் குறைந்ததைக் கொண்டு ஒருவருடைய வழி தவறென்று நாம் முடிவு கட்டலாகாது.

வாய்ப்புக் குறைந்த காலத்திலும் பர்மன் சோதனைகளை நிறுத்தவில்லை. 1987-இல் ‘இஜாஸத்’ படத்துக்காகக் குல்சார் ஒரு பாடலைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் எதுகை இல்லை, சந்தமும் இல்லை, கடிதம் போன்ற வரிகள். அடுத்த முறை நாளிதழைக் கொண்டுவந்து மெட்டமைக்கச் சொல்வீர்களோ என்று பர்மன் அலுத்துக்கொண்டாராம். ஆயினும் மெட்டமைத்தார்; ஆஷா பாடினார். 1980-இல் பர்மனின் வாழ்க்கைத் துணைவியான அவருக்கும், பாடலாசிரியர் குல்சாருக்கும் அப்பாடல் தேசிய விருதைத் தேடித் தந்தது. மெட்டமைத்தவருக்கு அவ்விருது கிட்டவில்லை. ஹோசே புளோரஸ் என்ற கலைஞரோடு சேர்ந்து லத்தீன் அமெரிக்க இசையில் உருவாக்கிய ‘பாந்தேரா’ இசைத்தட்டும் அதே ஆண்டில் வெளிவந்தது.

அவ்வாண்டிலேயே தமிழுக்கும் வந்தார். ‘பூ மழை பொழியுது’ படத்துக்கு இசையமைத்தார். 1990-இல் ‘உலகம் பிறந்தது எனக்காக’ வந்தது. தெலுங்கிலும் அவர் இசை உண்டு. நம் திருப்பதியில் புகுமுக வகுப்புப் பயின்ற எஸ். பி. பாலசுப்பிரமணியம், 1985-இல் வந்த ‘சாகர்’ படத்தில் கமல்ஹாசனுக்காகப் பர்மனின் மெட்டுகளைப் பாடியிருக்கிறார். ஏறத்தாழ 330 படங்களுக்கு இசையமைத்த பர்மனை நாம் அயலார் என்று ஒதுக்க இயலாது.

அவருடைய கடைசிப் பெரும்பணி ‘1942: எ லவ் ஸ்டோரி’. விது வினோத் சோப்ரா அழைத்தார். இம்முறை புட்டியும் இல்லை. புகை மூட்டமும் இல்லை. தந்தை சச்சின் தேவ் பர்மனின் காலத்தை நினைவூட்டும் மென்மையான மெட்டுகளைத் தந்தார். எத்தனையோ புது ஒலிகளைத் தேடி அலைந்த மகன் பழைய வீட்டின் கதவையும் திறக்கத் தெரிந்தவர் என்பது அப்போது வெளிப்பட்டது. படம் வெளியாகும் முன்பே, 1994 ஜனவரி 4-இல், 54-ஆம் வயதில் அவர் இறந்துபோனார். அவ்வாண்டு அப்படம் வந்தது. பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. பிலிம்பேர் விருது அளிக்கப்பட்டபோது வாங்க அவர் இல்லை. இளம் இசைக் கலைஞர்க்கென அவர் பெயரால் பிலிம்பேர் ஒரு விருதை நிறுவியது. 1995-இல் அதை முதன்முதலாகப் பெற்றவர் நம் ஏ. ஆர். ரகுமான்.

நண்பர்களே! என் விடுதி நண்பருக்கு நான் சொல்லும் விடை இவ்வளவே. ‘தம் மாரோ தம்’ பாடலில் மயங்குபவள் படத்தில் வரும் பெண். அதைப் படைத்தவர்கள் தம் தொழிலைப் பல ஆண்டு கற்றுத் தேர்ந்தவர்கள். ஒருவர் தாளத்தைக் கணக்கிட்டார். ஒருவர் நரம்பை மீட்டினார். ஒருவர் குரலை வேண்டிய அளவுக்கு மங்கவிட்டுப் பாடினார். மயக்கத்தை இவ்வளவு துல்லியமாக ஒலிக்கச் செய்வதற்கு மயங்காத செவி வேண்டும். அச்செவி கடையில் விற்கும் பொருள் அன்று. பொட்டலத்தில் கட்டித் தருவதும் அன்று.

திருமலையில் நாள்தோறும் விடியுமுன் இறைவனையே இசையால் துயில் எழுப்பும் ஊரில் நாம் படிக்கிறோம். இசையால் உறங்கவும் வைக்கலாம், எழுப்பவும் வைக்கலாம். இனி யாரேனும் அப்பாடலை ஒலிக்கவிட்டால் அணைக்க வேண்டாம். அதற்கு அடுத்து வரும் கண்டனப் பாடலையும், முன்னே வந்த தாலாட்டையும் சேர்த்தே கேளுங்கள். கேட்ட பின் விடுதியில் மீண்டும் வாதிடுவோம். இம்முறை விளக்கணைக்கும் நேரத்துக்கு முன்பே தொடங்கிவிடுவோம்.